கைக்கணக்கு

படிவத்தில் மூன்றாம் நிரல்: இனம்.
நான்காவது: உயரம், கைக்கணக்கில்.
கோமாரி தாண்டி, மோட்டார் சைக்கிளை
மணல் இழுத்துப் பிடித்த இடத்தில்
இறங்கி நின்று வாசிக்கிறேன்.
மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான் படித்தேன்.
குதிரை, பாடத்தில் ஒரு கிழமை.

அறுகம்பைக்கு வெள்ளைக்காரர் வராத வருஷம்
ஓட்டல்காரன் லாயத்தைத் திறந்துவிட்டுக்
கொழும்புக்குப் போனான்.
போனவன் போனவன்தான்.
வினாசித்தம்பியின் வட்டையில்
குடலைப் பயிரை அவை மேய்ந்த அன்று
குதிரைக்குச் சொந்தக்காரர் எவருமில்லை.
பிடித்துக் கொடுத்தால் காசு என்று
கந்தோரில் யாரோ வாய்விட,
மறுநாள் விடிய
மூன்று சொந்தக்காரர், ஒருவர் கையில் கடிவாளத்தோடு.

அளப்பதற்கு அவை நிற்கவில்லை.
பழைய சோதனைச்சாவடியின் முட்கம்பியில்
மயிர் சிக்கியிருந்தது.
முதுகு தினவெடுத்தால் அங்கேதான் தேய்க்குமாம்,
பட்டிக்கார ஆதம்லெவ்வை சொன்னார்.
கம்பி வரைக்கும் கையை அடுக்கினேன்:
பதின்மூன்று கை, அதற்குமேல் ஒரு விரல்.
என் கையில்.
ஆதம்லெவ்வையின் கையில் பத்தரை.
எது சரி என்று படிவம் கேட்கவில்லை.

பொட்டை கபிலம்.
முதுகில் இரண்டு வெள்ளைத் திட்டு;
சேணம் அறுத்த புண் ஆறியதும்
நிறமில்லாமல் முளைத்த மயிர் அது.
நான் போனைத் தூக்கினால்
மேய்கிறதை விட்டுப் பக்கவாட்டில் திரும்பி
கழுத்தை வளைத்து நிற்கிறது.
யாரும் ஏறவில்லை என்று தெரிய
அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது.
மறுகாவும் குனிகிறது.

குட்டி அப்படியில்லை.
முதல் மாரிக்கு இந்த மணலில்தான் விழுந்தது.
லாடம் அறியாத குளம்பு,
ஓரம் தானே உடைந்து தானே வட்டமாகிறது.
பிடரி முழுக்க ஒட்டுப்புல்.
வயிறு சிறுத்து, கால் தடித்து,
தாயில் பாதி, தகப்பனில் பாதி என்று
கணக்குப் பார்த்தால் மிச்சம் வருகிறது.
அந்த மிச்சத்துக்கு என்ன பெயர்?
என் செருப்புச் சத்தத்துக்கு
இராவணன் மீசைப் புற்களுக்கு அப்பால் போய்
அங்கிருந்து பார்க்கிறது,
காது இரண்டும் இரண்டு பக்கம்.

கச்சான் வந்தால்
நாலும் காற்றுக்கு முதுகு காட்டி
அடம்பன் கொடிக்குள் அசையாமல் நிற்கும்.
யானை வரும் இரவில்
களப்பின் ஆழமில்லாத பக்கமாய்
தண்ணிக்குள் இறங்கிவிடும்.
யார் சொன்னது அவற்றுக்கு?
"எருமையைப் பாத்துப் பழகியிருக்குங்கா,
இல்லாட்டி எருமை அதுகளைப் பாத்து"
என்கிறார் ஆதம்லெவ்வை.
எழுதினேன். வெட்டினேன்.
இயல்புகள் என்ற கட்டம்
தீப்பெட்டியளவு.

ஆவணி. குளம் வெடித்துக் கிடந்தது.
படிவத்தின் கெடு முடிந்து நாலு நாள்.
மணல்மேட்டின் கரைப்பக்கம் போனபோது
குட்டி முன்னங்காலால் தோண்டிக்கொண்டிருந்தது.
விளையாட்டில்லை. ஒரே இடம்.
தோண்டும், மணக்கும், தோண்டும்.
மணல் கறுத்தது. பிறகு மின்னியது.
பொட்டை முதலில் குடித்தது, புகைப்படத்துக்கல்லாமல்.
குட்டி கடைசியில்.
அவை விலகியதும்
ஆதம்லெவ்வையின் மாடுகள் வரிசையாய் வந்தன,
இது நெடுநாள் வழக்கம் போல.

"உனக்கு முந்தியே தெரியுமா?"
"மூணு வருசமா என்ட பட்டி இதுலதான் குடிக்கிது.
பிடிச்சிட்டுப் போயிருவீங்களெண்டு சொல்லல்ல."

குந்தினேன்.
குழி முழங்கை ஆழம்.
படிவம் பையில் இருந்தது, பேனையும் இருந்தது.
சட்டைக் கையை மடித்துவிட்டு
அள்ளிக் குடித்தேன்.

கொஞ்சம் உவர்ப்பு.
குடிக்கலாம்.